தேவதை என்று மொழிபெயர்க்காதீர்கள்

'ஃபெயரி' என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதிலேயே எங்களுக்குள் முதல் சண்டை வந்துவிட்டது. தேவதை என்று எழுதினால் உடனே வெள்ளைச் சட்டை, முதுகில் இரண்டு செட்டை, கையில் நட்சத்திரம் ஒட்டிய தடி. நேர்சரி கலைவிழாவில் அந்த உடுப்போடு மேடையில் நின்று அழுத படம் எங்களில் மூன்று பேருக்கு வீட்டு அல்பத்தில் இருக்கிறது. நாங்கள் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்திலோ ஃபெயரி ஒன்று, தான் கொன்றவர்களின் இரத்தத்தில் தன்னுடைய தொப்பியைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு திரிந்தது. அதைப் போய்த் தேவதை என்று எப்படி எழுதுவது?

நாங்கள் ஐந்து பேர். கலைப்பீடம், இரண்டாம் வருஷம். மூன்று பேர் ஹொஸ்டலில் ஒரே அறை, இரண்டு பேர் வீட்டில் இருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். எங்களில் ஒருத்தியின் மச்சாள் கனடாவில் இருந்து லீவுக்கு வந்து, திரும்பும்போது மிளகாய்த்தூளுக்கும் ஒடியலுக்கும் பெட்டியில் இடம் வேணும் என்று இரண்டு இங்கிலிஷ் நாவல்களை விட்டுவிட்டுப் போனா. ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் ஹொலி பிளாக்கின் 'த குரூவல் பிரின்ஸ்' (2018). மற்றது, அயர்லாந்தைச் சேர்ந்த பெடர் ஓ கிலீனின் 'த கோல்' (2016). இரண்டுமே பதின்வயது வாசகர்களுக்கு எழுதப்பட்டவை. இரண்டிலும் ஐரோப்பிய நாட்டார் கதைகளில் வரும் ஃபெயரிகள்தான் மனிதப் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்துகிறார்கள். 'டார்க் ஃபன்டசி' என்று இந்த வகைக்குப் பெயர். ஒவ்வொரு பிரதிதான் இருந்தது. முறை வைத்து வாசித்தோம். விளங்காத சொல்லுக்குப் போனில் அகராதி பார்த்தோம். பிறகு எல்லாச் சொல்லுக்கும் பார்ப்பதைக் கைவிட்டோம், கதை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சண்டைக்கு வருவோம். தமிழ் சிறப்புக்கலை படிக்கிறவள்தான் ஒரு சொல் கொண்டுவந்தாள்: அணங்கு. அழகாகவும் இருக்கும், வருத்தவும் செய்யும், மலையிலும் மரத்திலும் நீர்த்துறையிலும் இருக்கும், கண்டவனை நோய்ப்படுத்திவிடும். திருக்குறளில் காமத்துப்பாலின் முதல் அதிகாரத்துக்கே 'தகையணங்குறுத்தல்' என்றுதான் பெயர். திருமுருகாற்றுப்படையில் சூரரமகளிர் மலைச்சோலையில் கூடி ஆடுகிறார்கள். அயர்லாந்துக்காரர் மேட்டுக்குள் இருந்து இசை கேட்டது என்று சொன்ன ஆட்களுக்கும் இவர்களுக்கும் கனதூரம் இல்லை என்பது அவளுடைய கட்சி. "அணங்கு எண்டு போட்டா ஒருத்தருக்கும் விளங்காது, அடிக்குறிப்பு போட வேண்டி வரும்" என்றாள் இன்னொருத்தி. அந்த வாதம் முடியவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் ஃபெயரி என்றே விட்டிருக்கிறோம்.

ஆனால் வேறொரு சொல் எங்களுக்கு உடனே பிடிபட்டது. அயர்லாந்தின் கிராமத்தவர்கள் ஃபெயரிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'நல்ல ஆட்கள்' என்பார்கள். அவர்கள் நல்லவர்கள் என்பதால் இல்லை. காதில் விழுந்தால் என்ன செய்வார்களோ என்ற பயம். இதை இங்கிலிஷ் வாசகர்களுக்குப் பக்கம் பக்கமாக விளக்குகிறார்கள். எங்களுக்கு ஒரு நிமிஷம் போதும். கொத்தினால் ஆள் முடிந்துபோகும் பாம்புக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் நல்ல பாம்பு. உடம்பெல்லாம் கொப்புளம் போட்டால் அது அம்மாள் வருத்தம், வீட்டில் வேப்பிலை தொங்கும், ஒருத்தரும் சத்தம் போட்டுத் திட்ட மாட்டார்கள். பயத்துக்கு மரியாதைப் பெயர் வைக்கிற பழக்கம் உள்ள ஆட்களுக்கு 'நல்ல ஆட்கள்' என்றால் என்னவென்று படிப்பிக்கத் தேவையில்லை.

செட்டை எல்லாம் பிறகு முளைத்தது. விக்டோரியாக் காலத்து ஓவியங்களும் சிறுவர் புத்தகங்களும் ஃபெயரியைச் சின்னதாக்கி, பூவின் மேல் இருத்தின. 1904இல் 'பீட்டர் பான்' நாடகம் வந்தது, 1953இல் டிஸ்னி அதைப் படமாக்கியது. டிங்கர் பெல்தான் ஃபெயரி என்று உலகம் முழுக்க முடிவாகிவிட்டது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே ஸ்கொட்லாந்தின் 'டாம் லின்' பாட்டில் ஃபெயரி ராணி ஒரு மனிதனைப் பிடித்து வைத்திருக்கிறாள். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நரகத்துக்குக் கட்டவேண்டிய வரியாகத் தன்னைக் கொடுத்துவிடுவார்களோ என்று அவன் நடுங்குகிறான். 1895இல், அயர்லாந்தின் திப்பரேரியில், பிரிஜிட் கிளியரி என்ற இளம்பெண்ணை அவளுடைய புருஷனே எரித்தான். இது என் மனைவி இல்லை, ஃபெயரிகள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் அவளுடைய இடத்தில் வேறொன்றை விட்டிருக்கின்றன என்று சொன்னான். இது கதையல்ல, நீதிமன்றத்துக்குப் போன வழக்கு, அவனுக்குச் சிறை கிடைத்தது. இந்தத் தகவலைத் தேடி எடுத்தவள் அதை வாசித்துக் காட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அன்றைக்கு நாங்கள் அதற்கு மேல் ஒன்றும் வாசிக்கவில்லை.

ஆகவே, இந்தப் புத்தகங்களைப் பற்றி எல்லோரும் சொல்லும் 'டார்க்' என்ற சொல் எங்களுக்குப் பெரிதாக உதவவில்லை. பிடித்தவர்களும் 'சரியான டார்க்' என்கிறார்கள், பிடிக்காதவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். பழைய கதைகளே இருட்டுத்தான். அந்த இருட்டில் யாருக்கு வலிக்கிறது, அந்த வலியைக் கதை என்ன செய்கிறது என்பதில்தான் எங்களுக்குள் உண்மையான பிரிவு வந்தது.

'த குரூவல் பிரின்ஸ்' கதை இதுதான். ஜூட் என்ற ஏழு வயதுப் பிள்ளையின் கண்முன்னாலேயே தாயும் தகப்பனும் கொல்லப்படுகிறார்கள். கொன்றவன் மடொக், ஃபெயரிகளின் படைத்தளபதி. ஜூட்டையும் அவளுடைய இரட்டைச் சகோதரியையும் மூத்த அக்காவையும் அவனே தன் நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளாக வளர்க்கிறான். அங்கே மனிதர்கள் தாழ்ந்த சாதி மாதிரி. மயக்கிவிடலாம், வேலைக்காரர்களாக வைத்திருக்கலாம், ஒரு பழத்தைத் தின்னக் கொடுத்தால் வெட்கம் கெட்டு ஆடுவார்கள். கடைசி இளவரசன் கார்டனும் அவனுடைய கூட்டாளிகளும் ஜூட்டைப் படிக்கிற இடத்தில் வைத்து வதைக்கிறார்கள். ஒருநாள் அந்தப் பழத்தை அவளுடைய வாய்க்குள் அடைகிறார்கள். பிறகு, உங்களுக்கே தெரிந்திருக்கும், அந்தக் கார்டன்தான் கதாநாயகன்.

எங்கள் ஹொஸ்டலில் இந்தப் புத்தகம் ஐந்து பேரோடு நிற்கவில்லை. பக்கத்து அறை, மேல்மாடி, கீழ்மாடி என்று போனது. முக்கால்வாசிப் பேருக்கு கார்டனில் பைத்தியம். காரணமும் சொன்னார்கள். ஃபெயரிகளால் பொய் சொல்ல முடியாது. "பொய்யே சொல்லத் தெரியாத ஒரு பெடியன், அவன் என்னைப் பிடிக்கும் எண்டு சொன்னா அது உண்மைதானே. உலகத்தில எங்க கிடைக்கும்?" இதற்கு எங்களிடம் பதில் இல்லை. நாங்களும் இருபத்திரண்டு வயதுக்காரர்கள்தான்.

ஆனால் வதைக்கிற அந்தப் பகுதியை வாசிக்கும்போது எங்களில் ஒருத்தி சொன்ன வசனம் அறையை அமைதியாக்கியது. "இது எங்கட முதலாம் வருஷம்."

கம்பஸில் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். இந்த நாட்டில் பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்துவிட்டது, 20ஆம் இலக்கச் சட்டம். ஆனாலும் புதிதாக உள்ளே வருகிறவளுக்கு எந்தப் பாதையால் நடக்கலாம், எந்தப் பாதையால் நடக்கக்கூடாது, எந்த நிறத்தில் உடுக்கலாம், தலை எப்படிப் பின்ன வேணும், யாரை நிமிர்ந்து பார்க்கக்கூடாது, எந்தப் பட்டப்பெயரைச் சொன்னால் திரும்ப வேணும் என்றெல்லாம் ஒரு எழுதாத சட்டப்புத்தகம் இருக்கும். ஃபெயரி நாட்டுக்குப் போகிற மனிதனுக்குப் பாட்டிமார் சொல்லும் புத்திமதியும் ஏறக்குறைய அப்படித்தான்: கொடுத்ததைத் தின்னாதே, பெயரைச் சொல்லாதே, ஆடக் கூப்பிட்டால் போகாதே. ஜூட் உப்பும் கோமரத்துப் பழமும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகிறாள். நாங்கள் வகுப்புக்குப் போகும்போது கூட்டமாகப் போனோம், தனியாகப் போகவே மாட்டோம். அதுதான் எங்கள் உப்பு. (கோமரம் என்று நாங்கள் எழுதியது அங்கே 'ரோவன்' எனப்படும் மரத்துக்கு அகராதியில் ஒன்றும் கிடைக்காததால் எங்கள் அறையில் வைத்த பெயர். பிழையென்றால் தாவரவியல் படிக்கிறவர்கள் மன்னிக்கவும்.)

வதைக்கிற அண்ணாவே ஆறு மாதத்துக்குப் பிறகு தேத்தண்ணி வாங்கித் தந்து, நோட்ஸ் தந்து, பிறகு காதல் கேட்பதும் கம்பஸில் புதுக்கதை இல்லை. "அவர் அப்ப என்னைத்தான் கூடக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டவர், அப்பவே என்னில விருப்பமாம்" என்று சிரித்துக்கொண்டு சொல்லும் அக்காமார் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் சந்தோஷமாகக் கல்யாணம் கட்டியும் இருக்கிறார்கள். அதனால் இந்த நாவலில் கார்டன் ஜூட்டை வெறுத்ததற்குக் காரணம் அவளையே நினைத்துக்கொண்டிருந்ததுதான் என்று தெரிய வரும் இடத்தில் எங்கள் அறை இரண்டாக உடைந்தது. இரண்டு பேர் தலையணையைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி புத்தகத்தை எறிந்தாள். (எறிந்த புத்தகத்தின் மட்டை மடிந்திருக்கிறது, மச்சாள் மன்னிக்க வேணும்.)

கார்டனுக்கு வக்கீல்களும் இருந்தார்கள். அவனுடைய தமையன் அவனை அடிக்கிறான், வீட்டில் ஒருத்தரும் அவனை அன்பாகப் பார்த்ததில்லை, பாவம். எறிந்தவளின் மறுமொழி: "எல்லா அண்ணாமாருக்கும் அவையின்ர சீனியர் அடிச்சவர்தான். அதைத்தான் எங்களுக்குத் திருப்பித் தந்தவை." இந்த வசனத்துக்குப் பிறகு வக்கீல்கள் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

எங்கள் பொதுவான அபிப்பிராயம் என்று ஒன்றைச் சொல்வதானால், ஹொலி பிளாக் அந்த வதையை அழகாக்கவில்லை, அந்த இடங்களில் எழுத்து கூர்மையாகவே இருக்கிறது. பழம் தின்ற ஜூட்டின் வெட்கத்தை மறக்க முடியாது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு குடித்து உடம்பைப் பழக்குகிறாள், அதுவும் பொய்யில்லாத எழுத்து. ஆனால் காதல் உள்ளே வந்ததும் கணக்கு சீக்கிரமாகத் தீர்ந்துவிடுகிறது. வாசகர்களும் அந்தச் சீக்கிரத்தைத்தான் விரும்புகிறார்கள்.

உண்மையில் இந்தப் புத்தகத்தின் பெரிய காதல் கார்டன் இல்லை, மடொக். தாய் தகப்பனைக் கொன்றவன்தான் வாள் பிடிக்கப் பழக்குகிறான், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருத்துகிறான், காயம் பட்டால் பார்க்கிறான். அவனில் அவளுக்குப் பாசம் வந்துவிட்டது, வெறுப்பும் போகவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை எப்படி வளர்கிறாள் என்பதை இவ்வளவு நேராக எழுதிய பதின்வயது நாவலை நாங்கள் வேறு வாசித்ததில்லை. ஹொஸ்டல் முழுக்கப் புத்தகம் சுற்றியும் மடொக்கைப் பற்றி எங்களிடம் கதைத்தவர்கள் இரண்டே இரண்டு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் கார்டனின் வாலைப் பற்றி. (ஆம், அவனுக்கு வால் இருக்கிறது.)

'த கோல்' ஹொஸ்டலில் அப்படிச் சுற்றவில்லை. காதல் குறைவு, அட்டையும் பார்க்கப் பயமாக இருக்கும்.

அதன் கதை அயர்லாந்தில் நடக்கிறது. நாடு முழுக்க வெளியுலகத்தில் இருந்து துண்டிக்கப்பட்டிருக்கிறது. கப்பல் வராது, விமானம் வராது. பதின்வயதில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நிமிஷம், இருந்த இடத்தில் இருந்து காணாமல் போகும். உடுப்பு மட்டும் நிலத்தில் கிடக்கும். 3 நிமிஷமும் 4 செக்கனும் கழித்து உடம்பு திரும்பி வரும். அந்த நேரத்துக்குள் அந்தப் பிள்ளை சாம்பல் நிற நாடொன்றில் ஒரு முழுநாள் ஓடியிருக்கும். துரத்துகிறவர்கள் ஷீக்கள், அயர்லாந்தின் பழைய ஃபெயரிகள். பிடித்தால் கையாலேயே மனித உடம்பைக் களிமண் மாதிரி உருட்டி வேறொன்றாக்குவார்கள். பெரும்பாலான பிள்ளைகள் உயிரோடு திரும்புவதில்லை. அதனால் பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஓடவும் ஒளிக்கவும் கொல்லவும் பழக்கும் முகாம்களாகிவிட்டன. கதாநாயகி நெஸாவுக்குப் போலியோவால் கால்கள் ஏலாது. அவள் பிழைக்க மாட்டாள் என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள்.

எங்களில் ஒருத்தி நாற்பதாம் பக்கத்தோடு நிறுத்திவிட்டாள். உருட்டின உடம்பு வருகிற இடமாக இருக்கும் என்று நினைத்தோம். இல்லையாம். மேசையில் பிள்ளையின் இடம் காலியாக இருப்பது, அடுத்தது யார் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பது, பிள்ளையைப் பெற்றவர்கள் பிள்ளையோடு கனக்கப் பாசம் வைக்கப் பயப்படுவது. "இந்தக் கதை எனக்கு வீட்டிலேயே இருக்கு. காசு குடுத்து வாசிக்கத் தேவையில்லை" என்றாள். அவளுடைய தாய், போர்க்காலத்தில் வயது வந்த பிள்ளைகளை எந்த நேரமும் கொண்டுபோய்விடுவார்கள் என்று தம்பியைப் பங்கருக்குள் மறைத்து வைத்திருந்தவ. இரவில் நாய் குரைத்தால் இன்றைக்கும் எழும்பி இருப்பா. இவள் சொன்னதற்குப் பிறகு நாங்கள் வாசிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அவள் இருக்கும்போது அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கதைப்பதைக் குறைத்தோம். கொடூரமான புத்தகங்களைப் பாதியில் வைப்பவர்களை மென்மையானவர்கள், தாங்க மாட்டாதவர்கள் என்று சொல்லும் ஒரு பழக்கம் வாசகர்களிடம் இருக்கிறது. அவளைப் பார்த்து அப்படிச் சொல்ல முடியுமா? எங்கள் எல்லோரையும் விடக் கூடத் தாங்கியவள் அவள்தான்.

முடித்த நாலு பேருக்கும் ஷீக்களைப் பற்றித்தான் வாக்குவாதம். அவர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று கதை மறைக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட அயர்லாந்தின் வரலாற்றுப் புராணம் ஒன்று இருக்கிறது. அதன்படி தீவில் முதலில் இருந்தவர்கள் வேறு. பிற்பாடு வந்தவர்கள், அதாவது இன்றைய அயர்லாந்துக்காரரின் மூதாதையர், அவர்களை வென்றார்கள். தோற்றவர்கள் நிலத்துக்குக் கீழே போனார்கள் என்று பழங்கதைகள் சொல்லும். ஷீ என்ற சொல்லுக்கே மேடு என்றுதான் பொருள், அவர்கள் இருப்பதாக நம்பப்படும் மண்மேடு. அந்தப் பழைய கதையை எடுத்து ஓ கிலீன் ஒரு கேள்வி கேட்கிறார்: அப்படித் துரத்தப்பட்டவர்கள் மறக்கவே இல்லையென்றால்?

"அவங்கட நிலம் அவங்கட நிலம்தானே" என்றாள் சரித்திரம் படிக்கிறவள். "அதுக்குப் பதினைஞ்சு வயசுப் பிள்ளை என்ன செய்தது?" என்றாள் நெஸாவுக்காக அழுதவள். "பிள்ளை ஒண்டும் செய்யேல்ல. பிள்ளை அந்த நிலத்தில இருக்கு." "அப்ப நாங்களும் யாராவது இருந்த நிலத்திலதான் இருக்கிறம்." "எங்கட வீட்டு நிலத்தில இப்பவும் வேற ஆக்கள் இருக்கினம், அதுக்காக நாங்கள் ஆரையும் உருட்டேல்ல." கன்டீனில் இருந்து இந்தக் கதை தொடங்கி, பஸ் ஹோல்ட் வரை போனது. பஸ் வந்தும் முடியவில்லை. எதிர்ப்பக்கத்தில் நின்ற இரண்டு பெடியங்கள் காணிப் பிணக்கு என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் குறை இதுதான். ஓ கிலீன் ஷீக்களுக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை. அவர்கள் அழகாக இருக்கிறார்கள், சொன்ன சொல் தவறாமல் இருக்கிறார்கள், சிரித்துக்கொண்டே வதைக்கிறார்கள். ஆனால் இழந்த வீட்டை நினைத்துக்கொண்டு தனியே இருக்கும் ஒரு ஷீயோடு நாங்கள் ஒரு பக்கமாவது இருக்கவில்லை. நிலம் போனவர்கள் நாள் முழுக்கக் கோபமாக இருப்பதில்லை. அந்த வளவில் இருந்த மாமரம் கறுத்தக் கொழும்பானா விலாட்டா என்று சண்டை பிடிப்பார்கள். அந்த மாமரம் புத்தகத்தில் இல்லை. அது இருந்திருந்தால் பயம் இன்னும் கூடியிருக்கும் என்று நினைக்கிறோம்.

நெஸாவைப் பற்றி எங்களுக்குள் பிரிவே இல்லை. ஒருத்திக்குச் சின்ன வயதில் ஷெல் துண்டு பட்டு இடது கால் நீட்டி மடக்க ஏலாது. அவளுக்கு நெஸாவில் பிடித்தது துணிச்சல் இல்லையாம், அது எல்லாக் கதாநாயகிகளுக்கும் இருக்கிறது. நெஸா யாரிடமும் விளக்கம் சொல்வதில்லை, ஏலாத காலோடு எப்படி ஓடுவது என்று கணக்குப் போடுகிறாள், பாவம் பார்ப்பவர்களில் எரிச்சல் படுகிறாள். பழைய அயர்லாந்தில் உடம்பு ஏலாமல் பிறந்த பிள்ளைகளைத்தான் ஃபெயரிகள் மாற்றி வைத்த பிள்ளை என்று சந்தேகப்பட்டார்கள் என்று நாங்கள் சொன்னதும், "பின்னே? இஞ்சயும் என்ன பாவம் செய்ததோ எண்டுதானே கேப்பினம்" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தாள்.

அயர்லாந்தில் 1999இல், கிளேர் பக்கத்தில், பெருந்தெரு ஒன்று போடத் திட்டமிட்ட இடத்தில் ஃபெயரிகளின் பற்றை என்று சொல்லப்பட்ட முள்மரம் ஒன்று நின்றது. கதைசொல்லி எடி லெனிகன் அதை வெட்டவேண்டாம் என்று குரல் கொடுத்தார். கடைசியில் மரத்தை விட்டுவிட்டுத்தான் தெருப் போட்டார்கள். இந்தச் செய்தி, நாற்பதாம் பக்கத்தோடு நிறுத்தியவளுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. அந்த மரத்தின் படத்தை அவள்தான் போனில் தேடி எடுத்தாள். பெரிய மரம் எல்லாம் இல்லை. எங்கள் வீதிகளில் வைரவருக்கு விட்டு வைத்திருக்கிற மரங்களோடு பார்த்தால் சின்னப் பற்றை. பக்கத்தால் வாகனங்கள் போகின்றன.

'த கோல்' நாவலுக்கு இரண்டாம் பாகம் இருக்கிறது, 'த இன்வேஷன்', 2018இல் வந்தது. எங்களிடம் இல்லை. கார்டனின் மற்ற இரண்டு பாகங்களும் மேல்மாடி அக்கா ஒருத்தியிடம் இருக்கின்றன, பரீட்சை முடியத் தருவதாகச் சொல்லியிருக்கிறா. நிறுத்தியவள் நெஸா தப்பினாளா என்பதை மட்டும் கேட்டாள். சொன்னோம். "சரி" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவளின்ர அம்மா?" என்று கேட்டாள்.